பூச்சியத்தால் வகுக்க ஏலாது

களுவாஞ்சிகுடி பிரதான வீதியில்
ரீலோட், போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம்.
ஆள் வராத மத்தியானங்களில்
லாச்சிக்குப் பக்கத்தில் பழைய லப்டொப்பைத் திறந்து
கணிப்பான் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன்.
கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்.
எல்லாமாய் முப்பது வரி.
இரண்டும் இரண்டும் நாலென்று அது முதன்முதல் சொன்னபோது
கடையில் ஒருவருமில்லை.
மேசையிலிருந்த ஸ்டேப்ளரிடம் சொன்னேன்.

மறுகா யோகமலரக்கா வந்தா.
செவ்வாய்க்கிழமைக் குழுக் கடன்காரி.
"இதில என்ட கணக்கையும் பாரன் புள்ள."
கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன்.
மீதிக் கடன் அறுபதாயிரம் என்று போட்டா.
கிழமைக்கு எவ்வளவு கட்டுவீங்க என்று திரை கேட்ட இடத்தில்
ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாய்த் தேடி
"பாப்பம்" என்று அடித்தா.

சிவப்பாய் ஏழு வரி ஆங்கிலம் கொட்டியது.
அவ கையை மடிக்குள் இழுத்துக்கொண்டா.
"நான் ஒண்டையும் உடைக்கல்லயே புள்ள?"

அன்றிரவு நேரம் பிந்தித்தான் கடையைப் பூட்டினேன்.
முயன்று பார். முறிந்தால் பிடி.
இரண்டே சொல்தான் அதற்கு அந்த மொழியில்.
பிடித்துவிட்டேன்.
பிடித்தபின் என்ன சொல்வது?
"தவறான உள்ளீடு" என்று எழுதினேன்;
வங்கிக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வரும் குரல் மாதிரி இருந்தது.
"செல்லாது" என்று எழுதினேன்;
கிழிந்த தாளைத் திருப்பித் தரும் கொண்டக்டர் மாதிரி இருந்தது.
விடியப்புறம் எழும்பி,
"இலக்கம் மட்டும் போடுங்க. ஆறுதலாப் போடுங்க" என்று மாற்றினேன்,
ஆச்சரியக்குறியை அழித்துவிட்டு.

அடுத்த கிழமை அவ பூச்சியம் அடித்தா.
வீம்புக்கல்ல.
மழை. மேசன் வேலைக்குப் போகவில்லை வீட்டுக்காரர்.
அதையும் பிடித்து வைத்திருந்தேன்:
"பூச்சியத்தால் வகுக்க ஏலாது."
வாசித்துவிட்டுச் சிரித்தா.
"அவனுகளுக்கு ஏலும் புள்ள.
தண்டம் எண்டு ஒண்டு போட்டு வகுப்பானுகள்."

வட்டியே தெரியாத கணிப்பான் என்னுடையது.
சேர்த்தேன், கிழமைக்கு ஒன்றரை வீதம்.
கடன் தீரும்வரை சுற்று, தீர்ந்ததும் நில் என்றேன்.
அவ எண்ணூற்றைம்பது என்று அடித்தா.

அறுபதாயிரத்து ஐம்பது.
அறுபதாயிரத்து நூறு, முக்கால் ரூபாயும்.
நூறாவது கிழமை எழுபத்தோராயிரம்.
ஆயிரமாவது கிழமை தொள்ளாயிரம் கோடி தாண்டி
வரிகள் வழுக்கி வழுக்கி மேலே போயின.
பிழை என்று ஒன்றும் வரவில்லை.
அடைப்புக்குறி சரி. இடைவெளி சரி. பெருக்கல் சரி.
லப்டொப்பின் விசிறி மட்டும்
பெரிய மூச்சாய் இரைந்தது,
நான் இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கும்வரை.

முறியாத ஒன்றை
எதைக் கொண்டு பிடிப்பது?

கட்டுவது வட்டியைத் தாண்டாவிட்டால்
சுற்றாதே, சொல் என்று ஒரு நிபந்தனை வைத்தேன்.
என்ன சொல்ல என்று அவவிடமே கேட்டேன்.
யோசித்தா.
கல்முனை பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டே போய் முடிந்தது.
"இது முடியாது எண்டு போடு. தமிழில போடு.
அந்த ஒண்டரை வீதத்தையும் பக்கத்தில போடு."

அடித்தேன்.
"பெரிய எழுத்தில ஒரு பிரின்ட் எடு.
செவ்வாய்க்கிழமை வாற பொடியனிட்ட நீட்டோணும்."
நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தா.
நான் லாச்சியைத் திறக்குமுன்
நூறு கழித்தல் இருபது என்று தானே தட்டிப் பார்த்தா.
எண்பது என்றது.
"இதெல்லாம் சரியாத்தான் சொல்லுது" என்று
மிச்சக் காசுக்குக் கையை நீட்டினா.